நடராஜன் படமும் மகனின் முதுகுவலியும்

விளையாட்டு மருத்துவர் பதில்

பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவருடைய மகனுக்குப் பதினெட்டு வயது. பி.காம். முதலாம் ஆண்டு படிக்கிறான். வலக்கை வேகப்பந்து வீச்சாளன். வார நாட்களில் காலையும் மாலையும் நெட்ஸ் பயிற்சி, சனிக்கிழமை டிவிஷன் லீக், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்து டோர்னமென்ட் என்று கோடை முழுக்கப் பந்து வீசியிருக்கிறான். இரண்டு மாதமாக இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுளுக்கு எடுப்பவரிடமும் இரண்டு முறை காட்டியாயிற்று. இப்போது மெடிக்கலில் தானே வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பந்து வீசுகிறான். ஆறு வாரத்தில் 19 வயதுக்குட்பட்ட மாவட்ட அணிக்குத் தேர்வு.

பையனின் அறைச் சுவரில் இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் படம். செல்போனைத் திறந்தால் தாடையில் கட்டோடு பந்து வீசும் பழைய சுழற்பந்து வீச்சாளர் அனில் கும்ப்ளே. தாய்க்குப் பிடித்தவர் நடிகர் விக்ரம். பதினான்கு வயதில் பள்ளி அணியில் இடம் கிடைக்காமல் மகன் அழுதபோது, விக்ரம் விபத்தில் சிக்கி மீண்டு வந்த கதையைச் சொல்லித் தேற்றியவர் இவர்தான். "விட்டுவிடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவளே இப்போது நிறுத்து என்றால் அவன் என்னை எப்படி நம்புவான்?" என்று கேட்கிறார். ஆறு வாரத்தை மாத்திரையோடு ஓட்டிவிடட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணவரின் கருத்து. வலியைப் பார்ப்பவன் பௌலராக முடியாது என்பது கோச்சின் கருத்து.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். குனிந்து ஷூ லேஸ் கட்டும்போது அவனுக்கு வலிப்பதில்லை. ஆனால் மொட்டை மாடியில் கொடியில் துணி போடக் கையைத் தூக்கிப் பின்னால் சாய்ந்தால் முகம் சுளிக்கிறான். ஓவர் முடிந்ததும் இடது இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்கிறான். நான் தேடிய தகவல் இதுதான். பதினெட்டு வயது, வலக்கை வேகப்பந்து, இடப்பக்கக் கீழ்முதுகு வலி, பின்னால் வளைந்தால் அதிகமாகிறது, ஓய்வெடுத்தால் குறைகிறது. இப்படி ஒரு பையன் என் முன்னால் வந்து நின்றால், வேறு காரணம் என்று உறுதியாகும்வரை முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் இருக்கலாம் என்றே நினைத்துக்கொண்டு பரிசோதிப்பேன். கடிதத்தை வைத்து இதுதான் என்று முடிவுகட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஆனால் சந்தேகப்படப் போதுமான காரணம் இருக்கிறது.

ஒரே அடியில் உடைகிற முறிவு இல்லை இது. ஒரு கம்பியை அதே இடத்தில் வளைத்து வளைத்து எடுத்தால் முதலில் மெல்லிய விரிசல் விடுமே, அந்த மாதிரி. வேகப்பந்து வீச்சாளனின் முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுகவும் செய்கிறது. வலக்கை பௌலருக்கு இந்தச் சுமை பெரும்பாலும் கீழ்முதுகின் கடைசி எலும்புகளில், இடப்பக்கம் போய் விழும். எலும்பு தன்னைத்தானே பழுது பார்த்துக்கொள்ளும்தான். அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். இந்த வயதில் கீழ்முதுகு எலும்பு இன்னும் முழுசாக முதிர்ந்திருக்காது. ஆறு மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் தினமும் பந்து வீசினால் பழுது பார்க்கும் வேகத்தைச் சேதம் முந்திவிடுகிறது. உங்கள் மகனின் கோடை அப்படித்தான் போயிருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் எலும்பில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. இந்த முறிவின் ஆரம்பக் கட்டம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரியும். அதையும் "முதுகுவலிக்கு ஒரு ஸ்கேன்" என்று பொதுவாகக் கேட்காமல், வேகப்பந்து வீசுகிற பையன், ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம் என்று எழுதிக் கேட்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து எடுத்தால்தான் சரியான படங்கள் கிடைக்கும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் எடுக்கலாம். எலும்பு மருத்துவப் பிரிவில் காட்டிச் சீட்டு வாங்குங்கள். சுளுக்கு எடுப்பவரிடம் இனி வேண்டாம். விரிசல் இருக்கலாம் என்று சந்தேகப்படும் முதுகை யாரும் முறுக்கவோ நெட்டி எடுக்கவோ கூடாது.

கும்ப்ளேயின் தாடை

பையனின் செல்போனில் இருக்கும் படத்துக்கு வருகிறேன். எனக்கும் பிடித்த படம்தான். 2002 மே மாதம், வெஸ்ட் இண்டீஸோடு ஆன்டிகுவா டெஸ்ட். பேட்டிங் செய்யும்போது மெர்வின் தில்லன் வீசிய பந்து பட்டுக் கும்ப்ளேயின் தாடை உடைந்தது. முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து தொடர்ந்து 14 ஓவர் வீசினார், அவர்களின் நட்சத்திர பேட்ஸ்மேன் பிரையன் லாராவை எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு மருத்துவராக அதில் இரண்டு விஷயம் கவனிப்பேன். லெக் ஸ்பின் போடத் தாடை எலும்பு தேவையில்லை. வலித்திருக்கும், பயங்கரமாக வலித்திருக்கும். இருந்தாலும் அவர் வீசிய ஒவ்வொரு பந்தும் அந்த முறிவைப் பெரிதாக்கும் சுமையைத் தாடைமேல் ஏற்றவில்லை. உங்கள் மகன் விஷயத்தில் வலிக்கிற இடமும் பந்து வீசும் சுமை விழும் இடமும் ஒன்றே. இரண்டாவது, அந்த 14 ஓவருக்கு அப்புறம் கும்ப்ளே அடுத்த டெஸ்டுக்குக் கிளம்பவில்லை. அறுவை சிகிச்சைக்காகப் பெங்களூருக்கு விமானம் ஏறிவிட்டார். கட்டுப் போட்ட படத்தைத்தான் நாம் சுவரில் ஒட்டுகிறோம். விமான டிக்கெட்டை யார் ஒட்டப்போகிறார்கள்?

நடராஜன் கதையிலும் இப்படி ஒரு பக்கம் இருக்கிறது. சேலம் சின்னப்பம்பட்டியில் இருபது வயதுவரை டென்னிஸ் பந்திலேயே ஆடியவர், 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடினார். உடனே பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார். அங்கே அவர் பிடிவாதம் பிடித்து அதே முறையில் வீசிக்கொண்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆட்டத்திலிருந்து விலகி, பந்து வீசும் முறையை மாற்றி, திரும்ப முதலிலிருந்து பழகினார். அணியின் பயிற்சிக்குப் பந்து வீசும் நெட் பௌலராக ஆஸ்திரேலியா போய், 2020 டிசம்பரில் ஒருநாள், டி20, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமானார். அதே 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்காக ஐ.பி.எல். தொடரைப் பாதியில் விட்டுவிட்டு வந்ததும் அவர்தான். பெயர் வாங்கிய வேகத்தில், கையில் இருந்த பெரிய வாய்ப்பை விட்டுவர எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள். அவனுக்கே பதில் தெரியும்.

முதுகெலும்பு உடைந்த பௌலர்களின் கதையே வேண்டுமென்றாலும் நிறைய இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011 நவம்பரில், உங்கள் மகனின் அதே பதினெட்டு வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது இன்னிங்ஸில் ஆறு விக்கெட், ஆட்ட நாயகன் விருது. அடுத்த டெஸ்ட் எப்போது தெரியுமா? 2017 மார்ச், ராஞ்சியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல், பெரும்பாலும் முதுகு முறிவும் மற்ற காயங்களும். அப்புறம் அவரே கேப்டனாகி 2023 உலகக் கோப்பையை அகமதாபாத்தில் நம் கண் முன்னால் தூக்கினார். பும்ராவுக்கு 2019இல் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். மறுபடியும் முதுகு படுத்தியதில் 2022 டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவை சிகிச்சை. 2024 டி20 உலகக் கோப்பையில் தொடர் நாயகன்.

என் தலைமுறை ஆளைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973இல் வெஸ்ட் இண்டீஸ் பயணத்தின்போது கீழ்முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். எம்.ஆர்.ஐ. இல்லாத காலம். உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார், பிறகு திட்டம் போட்டு உடம்பைத் தேற்றி, ஆக்‌ஷனைத் திருத்தி, 1974-75 ஆஷஸ் தொடரில் இங்கிலாந்தைக் கலங்கடித்தார். 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவர் அதே லில்லிதான். இருபத்தைந்து வருடம் அங்கே இருந்தார். வேகப்பந்து கற்க வந்த ஒரு குட்டிப் பையனைப் பேட்டிங்கில் கவனம் செலுத்து என்று திருப்பி அனுப்பியதும் அவர்தான். அந்தப் பையன் சச்சின்.

இந்தப் பட்டியலைப் பார்த்து ஓய்வெடுத்தால் எல்லாரும் கம்மின்ஸ் ஆகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களுக்குப் பின்னால் பணமும் அணி மருத்துவர்களும் இருந்தார்கள். காயத்தோடு மறைந்துபோன பௌலர்களின் பெயர் நமக்குத் தெரியாது. திரும்பி வந்தவர்கள் எல்லாரும் எலும்பு கூடக் காத்திருந்துவிட்டு வந்தவர்கள் என்ற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

முதல் வழி உங்கள் கணவர் சொல்வது. மாத்திரையோடு ஆறு வாரம். அவர் மீது எனக்குக் கோபமில்லை, மகன் இத்தனை வருடம் பட்ட பாடு வீணாகக் கூடாது என்ற தவிப்புதான் அது. ஆனால் வலி மாத்திரை எலும்பைக் கூட்டாது. இனிமேல் போனால் உடையும் என்று உடம்பு சொல்வதை அமுக்கிவிடும், அவ்வளவுதான். விரிசல் முழு முறிவாகலாம். மறுபக்கமும் உடைந்தால் எலும்பு முன்னால் நழுவும் நிலைகூட வரலாம். சீட்டு இல்லாமல் வாரக்கணக்கில் விழுங்கும் மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும் என்பது தனிக் கணக்கு. தேர்வுக்கு முன்னால் முதுகில் ஒரு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதற்கும் இதே பதில்தான்.

இரண்டாவது வழி, ஸ்கேன் இல்லாமல் இரண்டு மூன்று வாரம் ஓய்வு, வலி போனதும் தேர்வுக்குப் போவது. ரொம்பப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதிகம் பயம் தருவதும் இதுதான். ஓய்வெடுத்தால் வலி சீக்கிரம் போய்விடும், எலும்பு அவ்வளவு சீக்கிரம் கூடாது. "ஃப்ரீயா இருக்குண்ணா" என்று பையன் முழு வேகத்தில் ஓடிவருவான், மூன்றாவது ஸ்பெல்லில் (ஒரு மூச்சில் வீசும் ஓவர்களின் சுற்று) பழைய இடத்திலேயே பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது வழி, இன்றே பந்து வீசுவதை நிறுத்திவிட்டு இந்த வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுப்பது. நான் சொல்வது இதைத்தான். எலும்பில் பாதிப்பு இல்லை, தசைப்பிடிப்புதான் என்று வந்தால் பிசியோதெரபிஸ்ட் உதவியோடு அவன் தேர்வுக்கே தயாராகலாம், ஆறு வாரம் போதும். எலும்பு என்று வந்தால் தேர்வு இந்த முறை இல்லை. பொதுவாக மூன்று நான்கு மாதம் பந்தைத் தொடாமல் இருந்து, மெல்ல மெல்ல ஓவரைக் கூட்டி, முழு வேகத்துக்கு வர ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். அறுவை சிகிச்சை பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

19 வயதுக்குட்பட்டோர் அணி இதனால் கைவிட்டுப் போகலாம். அதை மறைக்க மாட்டேன். பிறந்த தேதியைப் பொறுத்து அடுத்த ஆண்டு இன்னொரு வாய்ப்பு இருக்கிறதா என்று மாவட்ட சங்கத்தில் விசாரியுங்கள். இல்லையென்றாலும் டிவிஷன் லீக்கில் வயது பார்ப்பதில்லை. நடராஜன் ரஞ்சியில் முதல் பந்து வீசியபோது அவருக்கு வயது இருபத்து மூன்று.

அவனிடம் என்ன சொல்வது

நிறுத்து என்றால் எப்படி நம்புவான் என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொன்ன விக்ரம் கதையை வாபஸ் வாங்க வேண்டாம், மீதியையும் சொல்லுங்கள். கல்லூரி நாட்களில் மோட்டார் சைக்கிள் விபத்து, காலையே எடுக்க வேண்டிவரும் என்ற பயம், இருபதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை, வருடக்கணக்கில் படுக்கை, அப்புறம் ஊன்றுகோல். இதில் எந்தக் கட்டத்திலும் அவர் உடைந்த காலோடு ஓடவில்லை. எலும்பு கூடும்வரை படுத்திருந்தார். அந்த வயதில் படுத்திருப்பதைவிடக் கஷ்டம் வேறென்ன? 1990இல் முதல் படம் வந்தும் அடுத்த ஒன்பது வருடம் ஒன்றும் சரியாக அமையவில்லை. அந்த நாட்களில் 'அமராவதி'யில் அஜித்துக்கும், 'காதலன்' படத்தில் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தார். திரையில் அவர் முகம் இல்லை, குரல் மட்டும். 1999 டிசம்பரில்தான் 'சேது'. தியேட்டரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சு வராமல் வெளியே வந்த கூட்டத்தில் நானும் இருந்தேன், அதனால் இந்த ஒன்பது வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய உங்கள் மகனுக்கும் அந்த மாதிரி வேலைகள் உண்டு. முதல் சில வாரம் நடையும், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் வயிறு, இடுப்புப் பயிற்சிகளும். பிறகு நீச்சல், தசை வலு. நல்ல வீடியோ எடுத்து, தோளும் இடுப்பும் எதிரெதிராகத் திரும்புகிற ஆக்‌ஷனா என்று பார்க்க வேண்டும். முதுகைப் படுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு, திருத்த இதுதான் சமயம். வைட்டமின் டி ஒருமுறை பார்த்துவிடுங்கள். மைதானத்துக்குப் போகாதே என்று மட்டும் தடுக்காதீர்கள். ஸ்கோர் எழுதட்டும், அம்பயர் நிற்கட்டும். கூட்டாளிகளைவிட்டு வீட்டில் அடைத்தால் மனசு ஒடிந்துபோகும். தூக்கம், சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இதை நீங்கள் தனியாகச் சுமக்கவும் வேண்டாம். ஸ்கேன் அறிக்கையைக் காட்டி அவனிடம் மருத்துவரே நேரில் பேசட்டும், கணவரையும் உடன் அழைத்துப் போங்கள். படத்தில் விரிசலைக் கண்ணால் பார்த்த அப்பாக்கள் அப்புறம் மாத்திரை பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை.

கோச்சிடம்

அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, திரும்பி வரும்போது ஓவர் கணக்கு எப்படி வைப்பது என்று கேளுங்கள். இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதலில் இந்த வயது வேகப்பந்து வீச்சாளனுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 7 ஓவர், ஒரு நாளைக்கு 18 ஓவர் என்பதுதான் உச்சம். தொடர்ந்து மூன்று நாள் வீசக் கூடாது என்பதும் உண்டு. நெட்ஸில் போடுவதும், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்தில் போடுவதும் இந்தக் கணக்கில் சேரும். நம் ஊரில் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் எண்ணுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி அவனையே தினமும் எழுதச் சொல்லுங்கள். கடந்த மூன்று மாதத்தில் எந்தெந்த நாள் எத்தனை ஓவர் என்று நினைவிருக்கும்வரை எழுதி, பழைய எக்ஸ்ரேயையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பாதி நோய் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

கால் மரத்துப்போவது, காலில் வலு குறைவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, காய்ச்சலோடு முதுகுவலி, இரவில் தூங்கவிடாத வலி இவற்றில் ஏதாவது இருந்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.